அறுபது நடக்கிறது

எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்த ஆளின் பெயர் அஅஅ. ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, கம்பெனி வண்டிகள் எல்லாரையும் இறக்கிவிட்டுப் போன பிறகு, நான்குவழிச் சாலையிலிருந்து வெயிலில் நடந்தே வந்து, கேட்டில் நின்று, வணக்கம் சொல்லி, என் வீட்டு மனு என்ன ஆச்சு என்று கேட்டார். காவலுக்கு இருந்த செல்லையா அண்ணாச்சி பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டார், அஅஅ என்றார். தகப்பனார் பெயர் கேட்டார், புள்ளி என்றார். பிறந்த தேதி கேட்டார், ஜனவரி ஒன்று என்றார். போன் நம்பர் கேட்டார், பத்து ஒன்பது என்றார். அண்ணாச்சி முப்பது வருஷம் சிமெண்ட் ஆலையில் காவல் இருந்தவர், கேட்டில் வந்து நிற்கிற ஆட்களைப் பார்த்து ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டுவிட்டவர், ஆகவே சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு, யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று மட்டும் தெரியாமல் மாடிக்குப் போன் செய்தார்.

"சார், அஅஅன்னு ஒருத்தர் வந்திருக்காரு. அப்பா பேரு புள்ளியாம். மேல அனுப்பவா?"

போனை எடுத்தவன் நான். பெயர் சொரிமுத்து, வயது முப்பத்தொன்று, தீராத இடுப்பு வலி, பதினெட்டு மாதமாக ஒரே புராஜெக்ட். வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்குகிற ஒரு துறைக்கு நாங்கள் மென்பொருள் கட்டிக்கொண்டிருந்தோம். யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்பதற்குத் துறை முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள் கொடுத்திருந்தது. அவற்றைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் வேலை, நான் எழுதியது சரிதானா என்று போட்டுப் பார்ப்பது டெஸ்டிங் ஆட்களின் வேலை. போட்டுப் பார்க்க நிஜ மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள் என்பதால் அவர்களே மனிதர்களைத் தட்டச்சு செய்துகொள்வார்கள். எங்களிடம் முன்பு இருந்த டெஸ்டர் ஒரு மகா சோம்பேறி. பெயர்க் கட்டத்தில் கைக்கு எட்டிய எழுத்தை மூன்று தடவை அழுத்துவார், நிரப்பியே ஆகவேண்டிய தகப்பனார் பெயருக்கு ஒரு புள்ளி வைப்பார், பிறந்த தேதிக்குக் காலண்டரில் முதலில் வருகிற தேதி, போனுக்கு எல்லாம் ஒன்பது. ஆகவே கீழே நிற்பவர் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நம்ம ஆளுதான், அனுப்புங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை நிறைய இருந்ததால், நான் மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். ககக வந்தார், மமம வந்தார், டெஸ்ட் ஒன்று வந்தார், அவர் தம்பி டெஸ்ட் இரண்டு வந்தார், நூற்றைம்பது வயதுக்காரர் ஒருவர் கைத்தடி இல்லாமல் வந்தார், கல்யாணமே ஆகாத, பதினேழு பிள்ளைகள் பெற்ற ஒருவர் பதினேழையும் வரிசையில் நடத்திக் கூட்டிவந்தார். அத்தனை பேரையும் அண்ணாச்சி பதிவேட்டில் எழுதினார், பார்வையாளர் அட்டை தீர்ந்துபோனதும் வேலையை விட்டுப் போனவர்களின் அட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கழுத்தில் மாட்டி அனுப்பினார், வாடகைக்கு ஆள் வராமல் கிடந்த மூன்றாவது மாடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு அவர்களை உட்காரவைத்தோம், காலை ஒன்பதிலிருந்து பத்துவரை டெஸ்ட் விருந்தினர்கள் லிஃப்டைத் தவிர்க்கவும் என்று நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, கேண்டீனில் ஒரு அண்டா உப்புமா கூடுதலாகக் கிண்டினார்கள், அதோடு அந்த விஷயம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஒருவருக்குப் போன் வந்தால் அறுபத்து மூன்று போனும் சேர்ந்து அடிக்கும், அறுபத்து மூன்று பேரும் ஒரே குரலில் ஹலோ என்பார்கள், அந்தச் சத்தம் மட்டும் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேக் வாங்கினோம். சோதனைக்காக நாங்கள் கம்ப்யூட்டரின் தேதியை மார்ச் பதினேழில் நிறுத்தி வைத்திருந்தோம், வந்தவர்களுக்குத் தினமும் மார்ச் பதினேழுதான், அதனால் எதுக்குக் கேக் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

வீடு உண்டு என்று திரை சொன்னவர்கள் ஒதுக்கீட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மூன்றரை மணி டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். எங்கே இறங்கினார்கள் என்று நடத்துனரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் மாடியில் இருந்தார்கள்.

ஜெசிந்தா அக்கா பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்தாள். உவரிக்காரி, முப்பத்தெட்டு வயது, பன்னிரண்டு வருஷமாக டெஸ்டிங், எதைக் கொடுத்தாலும் எங்கே உடையும் என்று பார்க்கிற கண். அவள் ஆட்களுக்கு முழுப் பெயர் வைத்தாள். பேரு இல்லாட்டா எவ எந்தக் கேஸுன்னு எனக்கு ஞாபகம் நிக்காது என்பாள். எண்பத்தெட்டாவது விதி கணவரை இழந்த பெண்களுக்கானது. அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வீடு உண்டு. தப்பு எப்போதும் எல்லைக்கோட்டில்தான் ஒளிந்திருக்கும் என்பது டெஸ்டிங்காரர்களின் நம்பிக்கை, அதனால் ஜெசிந்தா அக்கா இரண்டு பெண்களை உண்டாக்கினாள். மார்ச் பதினேழோடு சரியாக அறுபது முடிகிற தங்கபுஷ்பம் ஒருத்தி; அறுபதுக்கு ஒரே ஒரு நாள் குறைகிற உலகம்மாள் இன்னொருத்தி. தங்கபுஷ்பம் வந்த அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

உலகம்மாள் கேட்டில் வந்து நின்றபோது கையில் ஒரு துணிக்கடைக் கவர் இருந்தது, அதில் ஒரு மாற்றுச் சேலையும் ரேஷன் கார்டும். கணவர் பரமார்த்தலிங்கம், தவறிவிட்டார் என்று அண்ணாச்சியிடம் சொல்லி எழுதவைத்தாள். நாளைக்கு எனக்குப் பிறந்தநாள் என்றும் சொன்னாள். அண்ணாச்சி வாழ்த்துச் சொன்னார். மறுநாளும் அவளுக்கு மார்ச் பதினேழு, மறுநாளும் நாளைக்குப் பிறந்தநாள், அண்ணாச்சி மறுநாளும் வாழ்த்துச் சொன்னார்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்ல வேண்டிய ஆளுக்குக் கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னால் அந்தச் சோதனை பாஸ். உலகம்மாள் மறுக்கப்படுவதற்கென்றே உண்டாக்கப்பட்டவள், அவளுக்கு வீடு கிடைத்துவிட்டால்தான் எங்களுக்குத் தோல்வி. நான் எங்கேயாவது ஒரு விதியில் கைவைத்தால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் உலகம்மாளை மாடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவள் தலையைத் தடவி வாரிக்கொண்டு படியிறங்கி வந்து ஜெசிந்தா அக்காவின் மேசைப் பக்கம் நிற்பாள், திரையின் இடது பக்கம் தகுதி இல்லை என்று சிவப்பில் வரும், வலது பக்கம் பாஸ் என்று பச்சையில் வரும், வரிசை முழுக்கப் பச்சையானதும் நாங்கள் எல்லாரும் கை தட்டுவோம். அப்படி அவளை நாற்பத்தொரு தடவை மறுத்தோம். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவள் கேட்டாள்.

"எனக்கு இல்லன்னு சொன்னதுக்கா தாயி எல்லாரும் கையத் தட்டுதாவ?"

 அன்றையிலிருந்து ஜெசிந்தா அக்கா கை தட்டவில்லை, அவள் தட்டாததால் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டவில்லை, கொஞ்ச நாளில் யாருமே தட்டுவதில்லை என்று ஆகி, குழுவின் அரட்டைப் பெட்டியில் கட்டைவிரல் படம் போடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

மத்தியானங்களில் அக்கா மாடிக்குப் போய் அவளோடு உட்கார ஆரம்பித்தாள். இது நல்ல பழக்கம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், டெஸ்ட் ஆட்களோடு சிநேகம் வைத்தால் வேலை ஓடாது, ஆனால் சொல்கிற அளவுக்கு யாருக்கும் தெம்பில்லை. ஒருநாள் அக்கா கீழே இறங்கி வந்தபோது முகம் சரியில்லை. டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"சொரி, அந்தம்மா புருஷன் செத்தது ஆவணி பத்து, செவ்வாக்கிழமையாம். காலையில அவுக காப்பியக் குடிச்சுட்டு டம்ளரக் கீழ வைக்கப் போனாவளாம், வைக்கலயாம்."

"சரிக்கா."

"என்ன சரி? இறந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு, நிரப்பாட்டா அடுத்த பக்கம் போவாது. நான் காலண்டரத் தொறந்து, பாக்காமக்கூட ஏதோ ஒரு தேதியத் தொட்டேன்டா. சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு. அந்தம்மா அத்தன வருஷமா அழுதிருக்கு."

 அவள் குற்றம் இல்லை என்று சொல்லலாம், ஆனால் எல்லாரும் வேலை செய்கிற விதம் அதுதான் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இருவரும் எழுந்து போய் வேலையைப் பார்த்தோம்.

ஜூன் மாதத்தில் மென்பொருளைத் துறையிடம் ஒப்படைக்கத் தேதி குறித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சோதனைத் தரவு முழுவதும் அழிக்கப்படும் என்று மேனேஜர் பிரம்மநாயகம் சாரிடமிருந்து மெயில் வந்தது, நிர்வாகத்தார் மரியாதைக்காக அதை அச்செடுத்து மூன்றாவது மாடியிலும் ஒட்டினார்கள். மாடியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அஅஅ மட்டும் வெள்ளிக்கிழமை டீ உண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். உலகம்மாள் அறிவிப்பை விரல் வைத்துப் படித்துவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு நேராக ஜெசிந்தா அக்காவிடம் வந்தாள்.

"வெள்ளிக்குள்ள கெடைச்சுட்டா பஸ் ஏறிருவேன். இல்லாட்டா நான் என்ன ஆவேன் தாயி?"

அக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். பிரம்மநாயகம் சார் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் குறித்த தேதிகளுக்கு ஓடி ஓடிக் களைத்தவர், மதியச் சாப்பாட்டை மாலை நாலு மணிக்குத் திறக்கிறவர். கம்ப்யூட்டரின் தேதியை ஒரே ஒரு நாள் தள்ளிவைத்தால் அந்தம்மாவுக்கு அறுபது ஆகிவிடும் என்று அக்கா சொன்னாள்.

"தொள்ளாயிரம் கேஸும் மார்ச் பதினேழுக்குப் போட்டதும்மா. ஒரு நாள் தள்ளினா எல்லாம் கொலைஞ்சு போவும். அதுவும் போக, அந்தம்மாவுக்கு வீடு கெடைச்சா அது பக்குல்லா, புரோகிராம்ல தப்புல்லா? நீதான மொதல்ல எழுதிப் போடுவ?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நாங்கள் வெளியே வந்தோம்.

வியாழக்கிழமை காலை கடைசி ஓட்டம். நாற்பத்திரண்டாவது தடவையாக உலகம்மாளைக் கூப்பிட்டார்கள், அவள் தலையைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். பொத்தானை அழுத்துவதற்கு முன்பு ஜெசிந்தா அக்கா, எப்படியும் இதுதான் கடைசி என்பதால், முதல் தடவையாக அவளிடம் காரணத்தைச் சொன்னாள்.

"அம்மா, ஒங்களுக்கு அறுபது ஆகலம்மா. அதான்."

"ஆகலன்னு யாரு சொன்னா? எனக்கு அறுவது நடக்குல்லா."

அக்காவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நம் ஊரில் ஐம்பத்தொன்பது முடிந்தவரிடம் வயது கேட்டால் அறுபது நடக்கிறது என்றுதான் சொல்வார், நானும் சொல்வேன், என் அம்மாவும் சொல்வாள், நீங்களும் சொல்வீர்கள். கம்ப்யூட்டருக்கு முடிந்த வயது மட்டும்தான் தெரியும், நடக்கிற வயது தெரியாது. அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"சொரி, இந்த விதி மொதல்ல எந்தப் பாஷையில வந்துச்சு?"

தமிழில்தான் வந்தது. அரசாணை தமிழில் இருந்தது, யாரோ அதை ஆங்கிலத்தில் மாற்றி வரிசை எண் போட்டுக் கொடுத்தார்கள், நாங்கள் அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் பதினெட்டு மாதம் வேலை பார்த்தோம். மூலத்தை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். தமிழில் இருந்ததால் நான் அதைத் திறக்கவே இல்லை. தமிழிலேயே பேசி, தமிழிலேயே திட்டி, தமிழிலேயே கனவு காண்கிற பத்தொன்பது பேர் வேலை செய்த எங்கள் மாடியில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. வேலை சம்பந்தமான எதுவும் தமிழில் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தேடி எடுத்துத் திறந்தேன். பதினான்காம் பக்கத்தில், அறுபதாம் வயதில் அடியெடுத்து வைத்த, கணவரை இழந்த பெண்கள் என்று இருந்தது. ஐம்பத்தொன்பது முடிந்த மறுநாளே ஒரு பெண் அறுபதாம் வயதில் அடியெடுத்து வைத்துவிடுகிறாள். அதைத்தான் ஆங்கிலத்தில் அறுபதும் அதற்கு மேலும் என்று ஆக்கியிருந்தார்கள்.

பிரம்மநாயகம் சார் அந்த வரியை உதடு அசைய மூன்று தடவை படித்தார்.

"நாப்பத்தொரு தடவ பாஸ் ஆன கேஸும்மா இது."

"தப்பா பாஸ் ஆயிருக்கு சார். நம்ம கேஸ் ஒரு உலகம்மா. வெளிய நெசமா எத்தன உலகம்மா நிப்பாவ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார், பிறகு துறை அதிகாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினார். அந்தப் பக்கத்துக் குரலும் களைத்துப் போயிருந்தது. ஆர்டர்ல என்ன இருக்கோ அதச் செய்யுங்க, திங்கக்கிழம குடுங்க என்று சொல்லி வைத்துவிட்டது. பதினெட்டு மாதத்தில் துறையிடமிருந்து எங்களுக்கு வந்த தெளிவான பதில் அது ஒன்றுதான். நான் அறுபதை அழித்து ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். நாலு நொடி ஆயிற்று.

மத்தியானம் இரண்டரை மணிக்கு உலகம்மாளை மறுபடி கூப்பிட்டார்கள். எதிர்பார்க்கும் முடிவு என்ற கட்டத்தில் இல்லை என்பதை அழித்து உண்டு என்று அக்கா எழுதினாள், பொத்தானை அழுத்தினாள், இடது பக்கமும் பச்சை வந்தது, வலது பக்கமும் பச்சை வந்தது. கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தபோது உலகம்மாள் அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்போ இத்தன நாளும்?"

"தப்பு எங்க மேலதாம்மா" என்றாள் ஜெசிந்தா அக்கா. "நீங்க சரியாத்தான் இருந்திய."

"அது எனக்குத் தெரியும்லா" என்றாள் உலகம்மாள். கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள். "பஸ்ஸு மூணரைக்குத்தான? இப்பக் கையத் தட்ட மாட்டியளா?"

தட்டினோம். பிரம்மநாயகம் சாரும் அறையிலிருந்து வெளியே வந்து தட்டினார். அண்ணாச்சி பதிவேட்டில் வெளியே போன நேரத்தை எழுதினார், பஸ் வந்தது, அவள் முன்படியில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.  அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

நாங்கள் இரண்டாவது மாடிக்குத் திரும்பியபோது பிரம்மநாயகம் சார் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே தெரியும், இருந்தாலும் சொன்னார்.

"எல்லைய மாத்தியாச்சு. எல்லைக்கு வெளிய ஒரு ஆள் வேணும்மா. அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

ஐம்பத்தெட்டு வயதும் முந்நூற்று அறுபத்து நாலு நாளும். மறுக்கப்பட வேண்டிய ஒருத்தி. திங்கட்கிழமை ஒப்படைப்பதற்கு முன்பு மற்றவர்களோடு சேர்த்து அழிக்கப்படப் போகிறவள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் அடிச்சிரட்டாக்கா?" என்றேன். "தததன்னு போட்டா முடிஞ்சுது."

"வேண்டாம். வாரவளுக்கு ஒரு பேராவது இருக்கட்டும்."

பூரணம் என்று பெயர் வைத்தாள். தகப்பனார் பெயர், ஊர், கணவர் பெயர் எல்லாவற்றையும் யோசித்து யோசித்து எழுதினாள். கணவர் இறந்த தேதிக் கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டாள். காலண்டர் திறந்து கிடந்தது.

"எந்தத் தேதியில போனா வலிக்காது, சொல்லுங்க" என்று எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

 பழைய துக்கம் என்றால் இந்நேரம் ஆறியிருக்கும் என்று அவளாகவே முடிவு செய்து, காலண்டரை ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியைப் பார்த்துத் தொட்டுச் சேமித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அண்ணாச்சி போன் செய்தார். இந்தத் தடவை மேலே அனுப்பச் சொல்லாமல் அக்காவே கீழே இறங்கிப் போனாள், எதையும் ஒளிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், நான் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு உள்ளே, பதிவேட்டு மேசைப் பக்கம், மெலிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். நின்ற விதத்தைப் பார்த்தால் இதைப்போல ஆயிரம் மேசைப் பக்கம் நின்றவள் என்று தெரிந்தது.

"அம்மா, ஒங்ககிட்ட உள்ளதச் சொல்லிருதேன்" என்றாள் அக்கா. "ஒங்களுக்கு வீடு கெடைக்காது. கெடைக்காதுன்னு காட்டத்தான் ஒங்களக் கூப்பிட்டிருக்கோம்."

பூரணம் அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"எனக்குப் பத்தொம்பது வயசு நடக்கும்போது அவுக போனாவ. அன்னையிலேருந்து எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ" என்றாள். "எங்க ஒக்காரணும்னு மட்டும் சொல்லு தாயி."